விடுப்புக்கு முந்தின மூன்று மாதம்

1

போன வெள்ளிக்கிழமை டீ இடைவேளையில் ஒரு பஞ்சாபிப் பெண் காலண்டரும் கையுமாக என் மிஷின் பக்கத்தில் வந்து நின்றாள். எங்கள் ஸ்வெட்டர் தொழிற்சாலையில் மூன்று வருஷமாகத் தைக்கிறவள். நாலு மாத வயிறு. "பேறுகாலப் பணத்தை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்? உங்களைக் கேட்டால் புரியும்படி சொல்வீர்களாமே" என்றாள்.

இங்கே இங்கிலாந்தில், லெஸ்டரில் எனக்கு இப்படி ஒரு பெயர். ஒன்பதாம் வகுப்போடு நின்ற சங்கரன்கோவில்காரிக்கு வெள்ளைக்காரன் சட்டத்தில் ஒரே ஒரு பக்கம் மட்டும் மனப்பாடம். பென்சிலை வாங்கி விளக்கினேன். ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கும் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தை எந்த வாரம் பிறக்கும் என்று மருத்துவச்சி சான்றிதழ் எழுதித் தருவாள். அந்த வாரத்திலிருந்து பதினைந்து வாரம் பின்னால் போக வேண்டும். கணக்கு அங்கேதான் நிற்கும். அந்த வாரம் முடிய, கடைசி எட்டு வாரம் வாங்கின சம்பளத்தைக் கூட்டி எட்டால் வகுத்தால் சராசரி. அந்தச் சராசரியில் பத்தில் ஒன்பது பங்கை ஆறு வாரத்துக்குத் தருவார்கள். அதற்குப் பிறகு பன்னிரண்டு வாரம் எல்லாருக்கும் ஒரே தொகை. முழுநேர வேலையில் இரண்டு வருஷம் முடித்தவர்களுக்குத்தான் அந்த ஒன்பது பங்கு. மற்றவர்களுக்குப் பதினெட்டு வாரமும் அந்த ஒரே தொகைதான்.

"அப்படியென்றால் அடுத்த மாதம் முழுக்க ஓவர்டைம் பார்த்துவிட வேண்டியதுதான்" என்று அவள் காலண்டரில் வட்டம் போட்டுக்கொண்டு போனாள். எனக்கு வயிறு எரிந்தது. சொல்லிக் கொடுத்ததும் நான், எரிந்ததும் எனக்கே. எனக்கு யாரும் இப்படி வட்டம் போட்டுக் காட்டவில்லையே!

எனக்குப் பொறாமை அதிகம். இதை ஒளித்துப் பிரயோசனமில்லை. சின்ன வயதில் பக்கத்து வீட்டுக்காரியின் வளையல் சத்தத்துக்கே தூக்கம் வராது. ஆனால் நான் பட்ட பொறாமையிலெல்லாம் பெரிய பொறாமை இந்தச் சராசரியைப் பற்றித்தான். அது லெஸ்டரில் தொடங்கியதில்லை.

2

எழுபத்தெட்டாம் வருஷம். எங்கள் வீட்டில் பீடி சுற்றுகிற பெண்கள் மூன்று பேர்: அம்மா, நான், அண்ணன் பெண்டாட்டி உலகம்மாள் மதினி. மூன்று பேருக்கும் ஒரே பீடிக்கடையில் தனித்தனி பாஸ் புத்தகம். இலையும் தூளும் அங்கே வாங்கி வந்து, வீட்டில் சுற்றி, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டி, மறுநாள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். செக்கர் கட்டைக் கையிலெடுத்துக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்குவார். தொளதொள என்று இருந்தால் கழிவு. கழிவு போக மிச்சம்தான் பாஸில் ஏறும்.

எங்கள் தெருவிலேயே வேகமான கை என்னுடையது. பத்தொன்பது வயது. பொழுது சாய்வதற்குள் ஆயிரம் பீடி சுற்றிவிட்டு, தலைவாரிப் பூவைத்து வாசலில் நிற்பேன். மதினி இளையரசனேந்தல் பக்கம். மழையை நம்பிக் கம்பும் பருத்தியும் போட்ட வீட்டிலிருந்து வந்தவள். களை பறிக்கத் தெரியும். பீடி சுற்றத் தெரியாது. கல்யாணமாகி வந்து அம்மாதான் பழக்கினாள். ஒரு நாளைக்கு நானூறு சுற்றவே மதினிக்கு முதுகு ஒடிந்துவிடும்.

இப்படிப்பட்டவள் உண்டானாள். கடையில் பேறுகாலப் பணம் உண்டு. பன்னிரண்டு வாரத்துக்கு. அதை எப்படிப் போடுவார்கள் என்று எங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கும் தெரியும். விடுப்புக்கு முந்தின மூன்று மாதம் அவள் பாஸில் என்ன ஏறியிருக்கிறதோ, அதில் ஒரு நாள் சராசரி எவ்வளவோ, அதுதான். அதனால் எங்களுக்குள் ஒரு முறை இருந்தது. எந்த வீட்டில் ஒருத்தி உண்டானாலும், அந்த மூன்று மாதம் வீட்டிலுள்ள மற்றவர்கள் தங்கள் பாஸில் பேருக்கு நூறு இருநூறு போட்டுவிட்டு, மிச்சத்தை எல்லாம் அவள் பாஸில் ஏற்றுவார்கள். வாரக்கூலியை வீட்டில் வைத்து அவரவருக்குப் பிரித்துக்கொள்ளலாம். சராசரி மட்டும் அவளுக்கு. கடைக் கணக்கப்பிள்ளைக்கு எல்லாம் தெரியும். அவர் வீட்டிலும் பெண்கள் பீடி சுற்றினார்கள். கண்டும் காணாமல் இருந்துவிடுவார்.

"இந்த மாசத்துலேருந்து ஒன் பீடியும் உலகம்மா பேர்லதான்" என்றாள் அம்மா.

"நான் சுத்துததுக்கு அவியளுக்குப் பணமா?"

"ஏட்டி, கூலியா போவுது? கூலி ஒனக்குத்தான். சராசரிதான அவளுக்கு. நாளைக்கு ஒனக்கு ஒண்ணுன்னா அவ சுத்திக் குடுக்க மாட்டாளா? மொறை மொறைதான்."

முறை என்றால் முறைதான், மறுபேச்சு கிடையாது. ஆனால் மனசு இருக்கிறதே! சாயங்காலம் கடையிலிருந்து வந்து மதினி பாஸைத் திறந்து பார்ப்பாள். ஆயிரத்து அறுநூறு, ஆயிரத்து எழுநூறு. நானூறு சுற்றுகிறவள் பாஸில் ஆயிரத்து எழுநூறு! "கை வேகம் வந்துட்டே" என்று அண்ணன் அவளைக் கேலி செய்வான். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த இடத்தில் நான் ஒன்று சொல்லியாக வேண்டும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடம்கூட. அந்த மூன்று மாதமும் நாள் தவறாமல் மூன்று கட்டு பீடியை நான் வேண்டுமென்றே கெடுத்தேன். தூளைக் குறைத்து, இலையைத் தளர்த்திச் சுற்றி, வீட்டில் யார் கண்ணுக்கும் தெரியாதபடி மேல் வரிசையில் மட்டும் நல்ல பீடியை வைத்துக் கட்டினேன். செக்கர் விரல் பட்டதும் கட்டு பல்லிளிக்க வேண்டும், கழிவு எழுத வேண்டும், மதினியின் சராசரி இறங்க வேண்டும். அதுதான் என் எண்ணம். பிள்ளைத்தாய்ச்சிக்கு நான் செய்த சீர் அது.

ஆனால் கழிவு வந்ததாகக் கடையிலிருந்து ஒரு பேச்சும் வரவில்லை. கட்டுகளைக் கடைக்குச் சுமந்துகொண்டு போவது மதினிதான். 'நடந்தால் பேறுகாலம் லேசாகும்' என்று அம்மா அவளை அனுப்புவாள். ஒன்றும் சொல்லாமல் போவாள், ஒன்றும் சொல்லாமல் வருவாள். செக்கருக்குக் கண் மங்கிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆண் பிள்ளை பிறந்தது. பேறுகாலப் பணம் வந்தது. அத்தனை பெரிய தொகையை எங்கள் தெருவில் அதற்கு முன் யாரும் வாங்கியதில்லை. நான் கெடுத்தும் இவ்வளவா என்று எனக்கு ஆற்றாமையாக வந்தது. அதில் ஒரு பங்கை எடுத்து மதினிக்குச் சிவப்புக்கல் கம்மல் வாங்கினார்கள். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் அம்மன் சப்பரம் வந்தபோது ஊரே கும்பிட்டுக்கொண்டு நின்றது. நான் மதினியின் காதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

3

எண்பதில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கரிவலம்வந்தநல்லூர். மெட்ராஸில் ஒரு ஓட்டலில் சமையல் வேலை. மாதத்துக்கு ஒரு தடவை வருவார். அதனால் நான் அம்மா வீட்டிலேயே இருந்து பீடி சுற்றினேன். பாஸ் அப்படியே இருந்தது. மறு வருஷம் உண்டானேன். வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்தபோதும் எனக்குள் ஒரே எண்ணம்தான் ஓடியது. இப்போது என் முறை.

என் வேகத்துக்கு மதினியின் எண்ணிக்கையும் சேர்ந்தால் சராசரி எங்கே போகும்! அதற்குள் மதினியும் எழுநூறு எண்ணூறு சுற்றுகிற கை ஆகியிருந்தாள். என்ன கம்மல், என்ன கல் என்றுகூட முடிவு செய்துவிட்டேன். பச்சைக்கல். மதினியுடையதைவிட ஒரு கல் கூட.

ஏழாம் மாதம் நெருங்கும்போது அம்மா மதினியிடம் என் பேச்சை எடுத்தாள்.

"உலகம்மா, நாளைலேருந்து ஆவுடை பேர்ல போடுவமா?"

மதினி மடியிலிருந்த பீடிச் சுளகிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நீங்க போடுங்க அத்தை. என் பீடி என் பாஸ்லயே ஏறட்டும்."

"ஏன்? மொறைன்னு ஒண்ணு இருக்குல்லா?"

"எனக்கு ஒத்துவராது அத்தை."

அவ்வளவுதான். கோபமில்லை, சத்தமில்லை. அம்மா கத்தினாள். அண்ணன் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தான். மதினி அசையவில்லை. ஏன் ஒத்துவராது என்று அம்மா நூறு தடவை கேட்டாள். நூறு தடவையும் அதே பதில். தெருவில் பெண்கள் காறித் துப்பாத குறை. 'நன்றி கெட்டவ, வாங்கித் தின்னுட்டுக் குடுக்க மனசில்ல' என்றார்கள். நானும் அதில் சேர்ந்துகொண்டேன். சேராமல் இருப்பேனா?

அம்மாவின் ஐந்நூறு என் பாஸில் ஏறியது. வயிற்றைத் தள்ளிக்கொண்டு நான் சுற்றியது எழுநூறு. கிடைத்த பணத்தில் பச்சைக்கல் கம்மல் வாங்க முடியவில்லை. பையன் பிறந்தான், செலவுக்குப் போயிற்று. மதினி பத்தியச் சாப்பாடு பொங்கித் தந்தாள், பையனைக் குளிப்பாட்டினாள், என் துணியையும் துவைத்துப் போட்டாள். எல்லாம் செய்தாள். பீடி மட்டும் தரவில்லை. அவள் காதில் சிவப்புக்கல் ஆடுகிறபோதெல்லாம் எனக்குப் பால் திரிந்துவிடும்போல இருக்கும்.

வீட்டுக்காரருக்கு லெஸ்டரில் ஒரு ஓட்டலில் வேலை கிடைத்து, நானும் பையனும் பின்னாலேயே விமானம் ஏறியபோது, எனக்குள் ஒரு சந்தோஷம். இனி அந்தக் கம்மலைப் பார்க்க வேண்டாம் பாருங்கள்!

4

இங்கே வந்து சேர்ந்த வேலையும் எண்ணிக்கை வேலைதான். ஸ்வெட்டருக்குக் கை வைத்துத் தைப்பது. ஒரு கட்டு முடித்தால் அதிலிருக்கிற சீட்டைக் கிழித்து நம் தாளில் ஒட்ட வேண்டும். எத்தனை சீட்டோ அத்தனை கூலி. முதல் நாளே எனக்குப் புரிந்துவிட்டது, இது பீடிக்கடைதான், குளிர்கிறது, அவ்வளவே என்று.

போன வருஷம் எனக்கு இரண்டாவது. அக்டோபரில் பிறக்கும் என்றாள் மருத்துவச்சி. எட்டு வாரச் சராசரி என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. எட்டு வாரம் என்றதும் என் சங்கரன்கோவில் மூளை தானாகவே முடிவு கட்டிவிட்டது. விடுப்புக்கு முந்தின எட்டு வாரம்தானே, வேறு எதுவாக இருக்க முடியும்? யாரிடமும் கேட்கவில்லை. கேட்பானேன்? எனக்குத்தான் தெரியுமே!

அதனால் ஐந்தாம் மாதமும் ஆறாம் மாதமும் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் மெதுவாகத் தைத்தேன். கூலியில்லாமல் பத்து நாள் லீவுகூடப் போட்டேன். கடைசி எட்டு வாரம் ஒரு கை பார்த்துவிடலாம் என்று கணக்கு. அந்த எட்டு வாரம் வந்தது. பக்கத்து மிஷினில் காந்தாபென் என்று ஒரு குஜராத்தி அம்மாள். அவளிடம் எங்கள் ஊர் முறையைச் சொன்னேன். கூலியை உனக்குத் திருப்பித் தந்துவிடுகிறேன், சீட்டை மட்டும் என் தாளில் ஒட்டு என்றேன். அவள் சூப்பர்வைசர் இருக்கிற திசையைப் பார்த்தாள். பிறகு என் வயிற்றைப் பார்த்தாள். மறுநாளிலிருந்து தன் சீட்டில் பாதியை என் பக்கம் தள்ளத் தொடங்கினாள். அம்மாவைத் தவிர எனக்கென்று ஒருத்தி தந்தது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. மதினி தராததை எவளோ ஒரு காந்தாபென் தருகிறாள் என்று கண்ணில் நீர் வந்துவிட்டது.

எதிர் மிஷினில் ஷேரன் என்ற வெள்ளைக்காரப் பெண். அவளுக்கும் என்னோடு ஒரே வாரத்தில்தான் நாள் குறித்திருந்தார்கள். நானும் காந்தாபென்னும் பறக்கப் பறக்கத் தைத்துக்கொண்டிருந்தபோது அவள் நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தாள். பாவம், விவரம் தெரியாத பிள்ளை என்று நான் பரிதாபப்பட்டேன்!

சம்பளப் பிரிவில் இருந்த அம்மாள் கணக்கைப் போட்டுக் கையில் கொடுத்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூலி கிடைத்த வாரங்களிலேயே மட்டமான எட்டு வாரத்தைப் பொறுக்கி எடுத்ததுபோல இருந்தது. தப்பு, தப்பு என்று நான் அடித்துச் சொன்னேன். அவள் காலண்டரை எடுத்து, பிறக்கிற வாரத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று பதினைந்து வரை பின்னால் எண்ணிக் காட்டினாள். கணக்கு ஜூலைத் தொடக்கத்திலேயே முடிந்துபோயிருந்தது. காந்தாபென் சீட்டு ஒன்றுகூட அதற்குள் இல்லை. அந்த இரண்டு மாதம் ஏன் சம்பளம் குறைவு என்று அவள் கேட்டாள். 'ஐ சிம்ப்ளி சாட்' என்றேன். சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று இங்கிலீஷில் சொன்னதாக நினைப்பு. அவள் தலையைக் குனிந்துகொண்டு எழுதினாள்.

ஷேரன் மே, ஜூன் முழுக்க ஓவர்டைம் பார்த்திருக்கிறாள். அவள் அம்மா முன்பே எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அவள் சராசரி என்னுடையதைப்போல ஒன்றரை மடங்கு. ஆறு வாரம் மகளை மடியில் வைத்துக்கொண்டு நான் நினைத்ததெல்லாம் அதைத்தான். குழந்தையின் முகத்தைப் பார்த்ததைவிட ஷேரனின் சம்பளச் சீட்டை மனதில் பார்த்ததுதான் அதிகம். சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

5

இந்த வருஷம் ஆடித்தபசுக்குப் பிள்ளைகளோடு ஊருக்குப் போனேன். ஐந்து வருஷத்துக்குப் பிறகு. அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது, ஆனால் வாய் போகவில்லை. மதினி அதே இடத்தில் சுளகை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். இப்போது ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு சுற்றுகிறாளாம். காதில் அந்தக் கம்மல் அப்படியே இருந்தது.

என் எட்டு வயதுப் பையன் வாசலிலேயே நின்றான். "மம்மி, ஸ்மெல்" என்று மூக்கைப் பொத்தினான். அத்தை என்று கூப்பிடச் சொன்னேன். 'ஆன்ட்டி' என்றான். மதினி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இந்தப் புகையில நெடியிலதாம்ல நீ பொறந்தே. ஒங்கம்மா பேறுகாலம் வரைக்கும் சுத்துனா, தெரியுமா?"

அம்மா கோயிலுக்குப் போயிருந்த ஒரு மதியம், மதினிக்கு லெஸ்டர் கணக்கை விளக்கினேன். பெருமைக்குத்தான். எட்டு வாரச் சராசரி, ஆறு வாரம், பத்தில் ஒன்பது பங்கு, பன்னிரண்டு வாரம் என்று அடுக்கினேன். அவள் கை நிற்காமலே கேட்டாள்.

"எட்டு வாரம்னா எந்த எட்டு வாரம்?"

படக்கென்று கேட்டுவிட்டாள்! நான் பணத்தைக் கோட்டைவிட்டுக் கற்ற பாடத்தை அவள் ஒரே கேள்வியில் தொட்டுவிட்டாள். வேறு வழியில்லாமல் என் முட்டாள்தனத்தைச் சொன்னேன். காந்தாபென் சீட்டு வீணாய்ப் போனதையும் சொன்னேன்.

"கோட்டிக்காரி, கேட்டுருக்கலாம்லா" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைதான். எட்டு வருஷமாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்துவிட்டது.

"எவளோ ஒரு குஜராத்திக்காரி எனக்குக் குடுத்தா மதினி. வீணாப் போனாலும் குடுத்தா. நீங்க ஒரு கட்டு குடுத்தியளா? என் பீடில வாங்குன கம்மலைப் போட்டுக்கிட்டு, எம்முறை வந்தப்போ ஒத்துவராதுன்னிய. எப்படி மதினி மனசு வந்துச்சு?"

மதினி இலை வெட்டுகிற கத்தரியைக் கீழே வைத்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். படவில்லை. எழுந்து கைகழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு மூணு கட்டு" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அம்மா வந்துவிட்டாளா என்று வாசலைத்தான் பார்த்தேன்.

"ஒரு நாளைக்கு மூணு கட்டு நீ கெடுத்தே. மேல மட்டும் நல்லா வச்சுக் கட்டுவே. மொத நாளு செக்கர் எம்மூஞ்சில விட்டெறிஞ்சாரு. மறுநாளுலேருந்து நான் கடைக்குப் போற வழியில, மண்டபத்துல உக்காந்து பிரிச்சுப் பிரிச்சுச் சுத்துவேன். குறையிற தூளுக்கு என் தூளைப் போட்டுச் சுத்துவேன். மூணு மாசம். வயித்துப் பிள்ளையோட."

"அம்மாட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா ஒன்னச் சுத்த வேண்டாம்னுருவாவ. ஒன் எண்ணிக்கை எனக்கு வேணும்லா. நான் ஒண்ணும் தெய்வமில்ல ஆவுடை. எனக்கு அந்தப் பணம் வேணும். அதான் வாயப் பொத்திக்கிட்டேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"ஒண்ணு சொல்லுதேன் கேளு. நீ கெடுத்ததைப் பிரிச்சுச் சுத்தித்தான் நான் தொழிலே படிச்சேன். நீ எப்படிச் சுத்துதேன்னு ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பாத்துப் படிச்சேன். கை வேகம் வந்துட்டுன்னு ஒங்கண்ணன் சொன்னது கேலி இல்ல. அதனால ஒம்மேல கோவம்னு சொல்ல முடியாது. ஆனா ஒம்முறை வந்தப்ப, குடுக்க மனசு வரல. அதான் குடுக்கல."

"அன்னைக்கே மூஞ்சிக்கு நேரா சொல்லிருக்கலாம்லா மதினி?"

"சொல்லிருந்தா நீ அழுதுருவ. அத்தை சமாதானம் பண்ணுவாவ. நானும் குடுத்துருப்பேன்" என்றாள். "நீ பொறுக்க முடியாமக் கெடுத்தே. நான் பொறுத்திருந்து கெடுத்தேன். கணக்குத் தீந்துச்சு. புள்ள முழிச்சிட்டா பாரு, தூக்கு."

மகளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டேன். மதினி கம்மல் ஆட ஆடச் சுற்றத் தொடங்கிவிட்டாள். வெட்கப்பட வேண்டிய நேரம் அது, வெட்கமும் வந்தது. ஆனால் அதற்கு மேலே என் பழைய நோயே வந்து உட்கார்ந்தது. மூன்று வருஷம் ஒரு வார்த்தை பேசாமல் என் முறைக்காகக் காத்திருந்து, ஊரெல்லாம் துப்பியபோதும் வாயைத் திறக்காமல், எனக்குப் பத்தியமும் பொங்கிப் போட்டிருக்கிறாள். இப்படி ஒரு நெஞ்சு எனக்கு வாய்க்கவில்லையே என்று, சத்தியமாகச் சொல்கிறேன், அவள்மேல் பொறாமையாக இருந்தது.